கயிறு பிடிப்பவர்

சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றுக்கும், கடலுக்கடியில் அதைச் சுவாசிப்பவரின் நுரையீரலுக்கும் நடுவே சுண்டுவிரல் நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை சீட் என்பார்கள். பித்தளை உடல், குரோம் பூச்சு, எஃகு ஸ்பிரிங், நிறுவனத்தின் பெயர் பொறித்த மூடி எல்லாமே அந்தத் துண்டை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதற்காகத்தான். கூரிய உலோக விளிம்பு ஒன்று அதன்மேல் வந்து படிந்தால் காற்று நிற்கும். மயிரிழை விலகினால் வரும். மூச்சுக்கு ஒரு முறை விலகி ஒரு முறை படிய வேண்டும். பல ஆயிரம் மூச்சுகளுக்குப் பிறகு அந்தத் துண்டில் வட்டமாக ஒரு தடம் விழுந்துவிடும். தடம் ஆழமாகிவிட்டால் விளிம்பு எவ்வளவு அழுந்தினாலும் காற்று கசியும். அப்போது அதை எடுத்துவிட்டு வேறொன்று போட வேண்டும். பழைய ஸ்கூபா ரெகுலேட்டரைப் புதுப்பிப்பது என்பதன் சாரம் இதுதான். மற்றதெல்லாம் அந்த இடத்தை அடைவதற்கான பாதையும் அங்கிருந்து பத்திரமாகத் திரும்பி வரும் பாதையும்.

என் மேஜைமேல் கிடப்பது ஸ்கூபாபுரோ மார்க் 5. 1970-களில் உலகமெங்கும் பரவிய மாடல். அதோடு சேர்ந்த வாய்ப்பக்கக் கருவி 109, உலோகக் கூடு கொண்டது, பக்கத்தில் திருகும் குமிழ் வைத்தது. பித்தளைக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. குரோம் அங்கங்கே உரிந்திருக்கிறது, அவ்வளவுதான். வயதானது ரப்பருக்கு. ஓ-ரிங்குகள் உருண்டை வடிவத்தை இழந்து தட்டையாகிவிட்டன. வெளிமூச்சு போகும் மெல்லிய ரப்பர் இதழின் ஓரம் சுருண்டு விறைத்துவிட்டது. நிலைத்து நிற்பது வெறும் கூடு. உயிரைச் சுமப்பவை எல்லாம் சில ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியவை. இப்படி ஒரு பொருளை யோசித்து வடிவமைத்தவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. எது தேயும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, தேய்வதைத் தனியே கழற்றி எடுக்கும்படி செய்திருக்கிறார்கள்.

கடலுக்குள் இறங்குபவரின் மூச்சு இன்னொருவர் கையில் இருக்கும் என்பது நம் கடற்கரைக்குப் பழைய செய்தி. மன்னார் வளைகுடாவில் கொற்கைக் காலத்திலிருந்தே முத்துக் குளித்திருக்கிறார்கள். இந்தியப் பக்கத்தில் கடைசியாக அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-இல் தூத்துக்குடியில். குளிப்பவர் கல்லைக் காலில் கோத்துக்கொண்டு இறங்குவார். ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கி, கைக்கு எட்டும் சிப்பிகளைக் கூடையில் அள்ளுவார். கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அசைவைக் கவனிக்காமல் போனாலோ, இழுப்பதில் சுணங்கினாலோ, கீழே இருப்பவர் அவ்வளவுதான். ஆகவே அந்தக் கயிற்றைக் குளிப்பவரின் மைத்துனன்தான் பிடிப்பான் என்று கடற்கரையில் சொல்வார்கள். கயிறு நழுவினால் தாலி இழப்பது அவனுடைய அக்காவோ தங்கையோ. பாசத்தை மட்டும் நம்பாத ஏற்பாடு அது. கீழே இருக்கும் உயிரின்மேல் தனக்கும் உரிமையும் இழப்பும் உள்ளவன் கையில்தான் கயிறு இருக்க வேண்டும் என்று கண்ட சமூக ஞானம். இந்த மேஜையில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த மைத்துனன் நினைவுதான்.

கயிற்றிலிருந்து பித்தளைக்கு வந்த வழியும் மன்னாரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. தண்ணீருக்கு மேலே வாய் வைத்த நீளமான குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் சுவாசிக்க முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நெஞ்சின்மேல் தண்ணீர் அழுத்தும் பாரத்தைத் தள்ளி மூச்சை இழுக்க விலாத் தசைகளுக்கு வலு போதாது. பத்து மீட்டருக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். கீழே இருப்பவருக்கு வரும் காற்றும் அதே அளவு அழுத்தத்தில் வர வேண்டும், அதுவும் அவர் இழுக்கும்போது மட்டும் வர வேண்டும். இதை முதலில் செய்து காட்டியவர் பெனுவா ரூக்கெரோல் என்ற பிரெஞ்சு நிலக்கரிச் சுரங்கப் பொறியாளர். 1860-இல் காப்புரிமை பெற்ற அவருடைய ரெகுலேட்டரை, கடற்படை அதிகாரி ஒகுஸ்த் தெனெய்ரூஸ் சில ஆண்டுகளில் கடலுக்குக் கொண்டுபோனார். ஜூல் வெர்ன் 1869-70-இல் புத்தகமாக வெளியிட்ட கடலடி நாவலில் கேப்டன் நெமோவும் கூட்டாளிகளும் முதுகில் மாட்டிக்கொள்வது இந்தக் கருவியைத்தான். ரூக்கெரோல், தெனெய்ரூஸ் பெயர்களையே அதில் சொல்கிறார் வெர்ன்.

அந்தக் கருவியோடு அவர்கள் இறங்கும் இடங்களில் ஒன்று மன்னார் முத்துப் பார். அங்கே, பருவம் தொடங்குவதற்கு முன்பே பிழைப்புக்காக வந்த ஓர் ஏழை இந்தியர் காலிடுக்கில் கல்லோடு மூச்சடக்கி இறங்கிக்கொண்டிருக்கிறார். சுறா வருகிறது. நெமோ குறுக்கே பாய்ந்து அவரைக் காப்பாற்றி, ஒரு பை முத்தைக் கையில் கொடுக்கிறார். பிற்காலத்து நாவலில் நெமோவும் ஓர் இந்திய இளவரசர் என்று தெரியவரும். கற்பனைதான். ஆனாலும் ஒரே கடலில், ஒரே ஆழத்தில், ஒருவருக்கு முதுகில் ரெகுலேட்டரும் மற்றவருக்குக் காலில் கல்லும் இருக்கும் அந்தக் காட்சியை என்னால் சாகசமாக மட்டும் படிக்க முடிந்ததில்லை. காப்பாற்றிய நெமோ முத்துக்களைக் கொடுக்கிறார். மூச்சு விடும் கருவியைக் கொடுக்கவில்லை.

இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்துக்குப் போர்க்காலப் பஞ்சம் காரணம். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பிரான்ஸில் பெட்ரோல் இல்லை. கார்களைக் கரிவாயுவில் ஓட்டினார்கள். நம் பக்கத்திலும் இரண்டாம் உலகப் போரின்போது பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி பஸ்கள் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். பாரீஸில் ஏர் லிக்கீட் நிறுவனத்தின் பொறியாளர் எமில் கன்யான் அப்படிப்பட்ட வாகனங்களுக்காக, எஞ்சின் கேட்கும் அளவுக்கு மட்டும் வாயுவை விடும் வால்வு ஒன்றை உருவாக்கியிருந்தார். 1942 டிசம்பரில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ அவரைத் தேடிவந்தார். எஞ்சினுக்குப் பொருந்தியது நுரையீரலுக்கும் பொருந்தும் என்று இருவரும் கண்டார்கள். சில வாரங்களில் மார்ன் ஆற்றில் சோதித்தபோது கூஸ்தோ நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழானால் நின்றுபோனது. வெளிமூச்சு போகும் வாயும் காற்றைத் திறக்கும் டயஃப்ரமும் வெவ்வேறு ஆழத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததும் சரியாயிற்று. 1943 கோடையில் மத்தியதரைக் கடலில் இறங்கினார்கள். 1952-இல் மெல்பர்னில் டெட் எல்ட்ரெட் கருவியை இரண்டாகப் பிரித்தார். சிலிண்டர் தலையில் ஒரு பாதி, வாயில் ஒரு பாதி, நடுவே ஒற்றைக் குழாய். என் மார்க் 5 அந்தக் கிளையில் வந்தது.

நான் இருக்கும் பெங்களூர் ஈஜிபுராவில் இந்த வேலைக்கு முதல் எதிரி தூசி. கேந்திரிய சதன் வரை போகும் மேம்பாலத்தின் வேலை 2017-இல் தொடங்கியது. 2022-இல் ஒப்பந்தம் ரத்தாகி, ஆண்டுக்கணக்கில் தூண்கள் மட்டும் நின்றன. பிறகு வேறு கையில் மறுபடி தொடங்கியது. அந்தச் சிமென்ட் தூசி ஜன்னல் கொசுவலையைத் தாண்டி வந்து மேஜையில் படியும். ஓ-ரிங்கின்மேல் ஒரே ஒரு தலைமுடி குறுக்கே விழுந்தாலும் 200 பார் காற்று அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். அதனால் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஈரத்துணியால் மேஜையைத் துடைத்துவிட்டுத்தான் திருகைத் தொட முடியும். மே மாதத்தில் அது சுகமான வேலை இல்லை.

திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது நுழைவாயிலில் உள்ள கூம்பு வடிவ ஃபில்டர். ரெகுலேட்டரின் சரித்திரம் அதில் எழுதியிருக்கும். பச்சை படிந்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செந்தூள் என்றால் ஏதோ ஒரு எஃகு சிலிண்டர் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. கருப்பு என்றால் காற்று நிரப்பிய கம்ப்ரசரின் எண்ணெயோ கரித்தூளோ வந்திருக்கிறது, அதாவது யாரோ ஒருவர் அந்தக் காற்றை நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறார். என்னுடையது பச்சை.

பிறகு பிஸ்டன். மார்க் 5-இன் பிஸ்டன் உள்ளே துளையுள்ள தண்டும் அகன்ற தலையும் கொண்டது. ஸ்பிரிங்கின் பலமும் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தமும் அதைச் சீட்டிலிருந்து விலக்கப் பார்க்கும். தண்டின் துளை வழியே பாய்ந்த காற்று தலையின் மறுபக்கத்தில் சேர்ந்து அதைச் சீட்டின்மேல் தள்ளும். சுற்றியுள்ள அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் கூடுதலானதும் இரண்டு பலமும் சமமாகி வால்வு மூடிக்கொள்ளும். குழாயிலிருந்து ஒரு மூச்சு எடுத்தால் சமநிலை குலைந்து திறக்கும். இதில் என்னை மிகவும் ஈர்ப்பது ஸ்பிரிங் இருக்கும் அறையின் சுவரில் உள்ள துளைகள். அவை கடல் உள்ளே வருவதற்காகவே இடப்பட்டவை. 5 மீட்டரில் 5 மீட்டருக்கான அழுத்தம், 30 மீட்டரில் 30 மீட்டருக்கான அழுத்தம். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதைக் கருவிக்குச் சொல்வது கடல்தான். கடலைத் தடுத்து நிற்கும் கருவி அல்ல இது. கடலையும் ஓர் உறுப்பாகச் சேர்த்துக்கொண்டால்தான் வேலை செய்யும்.

அதற்கான விலையையும் கடலே வாங்கிக்கொள்கிறது. உள்ளே வந்த தண்ணீர் காய்ந்து உப்பாகப் படியும். உப்புத் துகள் பிஸ்டனோடு உரசி ஓ-ரிங்கை அறுக்கும். பித்தளையில் களிம்பு ஏறும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து உலோகப் பாகங்களை மட்டும் ஊறப்போட வேண்டும். நேரம் கூடினால் குரோமையும் தின்றுவிடும், பக்கத்திலேயே இருக்க வேண்டும். களிம்பு கரைந்து உள்ளே பித்தளை தெரியும்போது வரும் சந்தோஷத்தை வீட்டில் குத்துவிளக்கு துலக்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓ-ரிங்கைக் கிளப்பி எடுக்க எஃகு ஊசி கூடாது. அது அமரும் பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் எத்தனை புது ரிங் போட்டாலும் கசிவு நிற்காது. பித்தளைக் கொக்கியோ பிளாஸ்டிக் குச்சியோ வேண்டும். கடைசியாகப் பிஸ்டனின் கூர் விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் நெளிவு இல்லையென்றால் இந்த ரெகுலேட்டர் பிழைத்துவிட்டது. இருந்தால் அழகான பேப்பர் வெயிட்தான்.

இனி உதிரிப் பாகங்கள். ஓ-ரிங் பிரச்சினையே இல்லை. ஸ்கூபாவுக்கென்று தனியாக யாரும் ஓ-ரிங் கண்டுபிடிக்கவில்லை. ஏஎஸ் 568 என்ற உலகப் பொது அளவுப் பட்டியலில் உள்ள எண்கள்தான் அவை. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்குச் சரக்குப் போடும் ஹைட்ராலிக் சீல் கடைகளில் அளவைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். நைட்ரைல் ரப்பரா வேறா, கடினம் 70-ஆ 90-ஆ என்று தெரிந்து கேட்க வேண்டும். உயரழுத்தம் படும் இடத்தில் மென்மையான ரிங் போட்டால் அது இடுக்கில் பிதுங்கிக் கிழியும். பூசும் கிரீஸிலும் கவனம் வேண்டும். வண்டிக்குப் போடும் பெட்ரோலியக் கிரீஸ் பல ரப்பர்களை ஊதவைக்கும். ஆக்சிஜன் அதிகமான காற்றோடு, உயரழுத்தத்தில் அது தீப்பற்றவும் கூடும்.

சிக்கல் சீட்டில்தான். அது எந்தப் பொதுப் பட்டியலிலும் இல்லை. மாடலுக்கு ஒரு வடிவம். பல தயாரிப்பாளர்கள் சீட், டயஃப்ரம், ரிங்குகள் அடங்கிய கிட்டைத் தாங்கள் அங்கீகரித்த சர்வீஸ் மையங்களுக்கு மட்டுமே விற்கிறார்கள். சர்வீஸ் கையேடும் அப்படித்தான். மாடல் பழையதாகி விநியோகம் நின்றுவிட்டால், நூறாண்டு உழைக்கக்கூடிய பித்தளை ஒரு நாளில் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதாகிவிடும். வெளிநாடுகளில் சில சிறிய பட்டறைகள் பழைய மாடல்களுக்கான சீட்டுகளைத் தாமே செய்து விற்பதால்தான் பல கருவிகள் இன்னும் நீருக்குள் இறங்குகின்றன. வான்ஸ் ஹார்லோ, பீட்டர் வோல்ஃபிங்கர் போன்றவர்கள் அமெரிக்காவில் இந்த வேலையைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார்கள். சில பாகங்களில் பழையது புதியதை ஏற்றுக்கொள்ளும் அதிசயமும் உண்டு. என் 109-இன் கூட்டுக்குள், அதே நிறுவனம் பின்னாளில் செய்த பேலன்ஸ்டு வால்வைப் பொருத்தினால் அது பிந்தைய மாடலைப்போல இலகுவாகக் காற்றை விடும்.

பீன்யாவில் கடைசல் வேலை தெரிந்த ஒருவரிடம் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் கம்பியையும் அளவையும் கொடுத்தால் சீட்டைப்போன்ற ஒன்றைக் கடைந்து கொடுத்துவிடுவார். நண்பர்கள் இந்த யோசனையைச் சொல்வதுண்டு. நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். சீட்டின் வடிவம் அதன் பாதிதான். மற்றப் பாதி பொருளின் கடினத்திலும் மேற்பரப்பின் வழவழப்பிலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கடைசல் வரி ஒன்று காற்றுக்கு வாய்க்கால் ஆகிவிடும். எதை நாமே செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற எல்லையைக் கற்றுக்கொள்வதும் இந்த வேலையில் அடக்கம்.

தயாரிப்பாளர்களின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. உயிர் தாங்கும் கருவி, பயிற்சி இல்லாதவர் கைபட்டால் ஆள் போய்விடும் என்கிறார்கள். உண்மை. ஆனால் அந்தப் பயிற்சியை யாருக்குத் தருவது, யாருக்கு மறுப்பது என்று அவர்களே முடிவு செய்யும்போதுதான் எனக்கு மைத்துனன் நினைவுக்கு வருகிறான். சர்வீஸ் மையத்தில் இருப்பவர் நேர்மையானவராக, திறமையானவராக இருக்கலாம். பெரும்பாலோர் அப்படித்தான். இருந்தாலும் அவருக்கு அது நாளின் பல வேலைகளில் ஒன்று. கீழே போகப்போகிறவர், தன் மூச்சு எந்த விளிம்பில் நிற்கிறது என்று ஒரு முறையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவருக்குத்தான் தண்ணீருக்குள் வாய்ப்பக்கம் லேசாகச் சீறும்போது அது என்ன என்று புரியும். பயந்து மேலே பாயாமல் நிதானமாக ஏறத் தெரியும். இந்தியாவிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதற்கான இணையதளமும் வந்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளைச் சொன்னார்கள். மூச்சுக் கருவி அந்தப் பட்டியலில் இல்லை. கடலில் இறங்கும் சிலருக்காக அதைச் சேர்க்கச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வேண்டும்.

பாகங்களை அடுக்கி மூடியபின் சிலிண்டரில் பூட்டி, குழாயில் கேஜை மாட்டி, வால்வை மெல்லத் திறக்க வேண்டும். முள் ஏறி 9.5 பாரில் நின்றால் நிற்கட்டும். உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்பதுதான் கேள்வி. நிமிடத்துக்கு நிமிடம் முள் ஊர்ந்து மேலேறினால் சீட் பிடிக்கவில்லை என்று பொருள். புதுச் சீட்டில் விளிம்பு தனக்கென்று ஒரு தடத்தைப் பதித்துக்கொள்ளும் வரை எண் சற்று மாறும். மறுநாளும் பார்க்க வேண்டும். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே சரியாக அமைத்தது கடலில் சரியாக இருக்குமா என்ற சந்தேகம் தொடக்கத்தில் எனக்கு இருந்தது. இருக்கும். சுற்றியுள்ள அழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் கருவியும் கேஜும் அளக்கின்றன.

வாய்ப்பக்கத்துக்குச் சோதனை ஒரு வாளித் தண்ணீர். வாய்க்குழாய் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து மெல்ல அமிழ்த்த வேண்டும். டயஃப்ரம் எத்தனை அங்குலம் அமிழ்ந்ததும் காற்று சீறுகிறதோ அதுதான் அந்தக் கருவி நம்மிடம் கேட்கும் உழைப்பு. ஒன்று, ஒன்றரை அங்குலம் என்றால் அருமை. இருபது மீட்டர் ஆழத்தில் உயிர் பிழைக்க வைக்கும் கணக்கு, குளியலறை வாளியின் மூன்று சென்டிமீட்டரில் தெரிந்துவிடுகிறது. அந்த வாளித் தண்ணீரும் காவிரிதான். தொரேகாடனஹள்ளியிலிருந்து மூன்று கட்டமாக, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு மேலேற்றப்பட்டு வருவது. 500 மீட்டர் நீர்த்தம்பம் என்றால் 50 பார், நிறைந்த சிலிண்டரில் கால் பங்கு. 2024 கோடையில் குழாய் வறண்டு லாரிக்குக் காத்திருந்த தெருக்களில் ஒன்றில் இருந்துகொண்டு, ரெகுலேட்டரை அலச ஒரு வாளியை ஒதுக்குவதற்கு மனம் வர வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

இவ்வளவு செய்தும் தவறினால் என்ன ஆகும் என்பதை வடிவமைப்பாளர்கள் நமக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். சீட் கெட்டுப்போனால் நடுக் குழாயில் அழுத்தம் ஏறும். வாய்ப்பக்க வால்வு, அழுத்தம் கூடினால் தானே திறந்துகொள்ளும் திசையில் வைக்கப்பட்டிருக்கிறது. காற்று அடைபடாமல் அளவுக்கு மீறிக் கொட்டும். சிலிண்டர் வேகமாகக் காலியாகும், உடனே ஏற வேண்டும், ஆனால் ஏறுவதற்கு மூச்சு இருக்கும். கயிறு பிடித்தவனின் அக்கறையை உலோகத்தில் வார்க்க முடியுமானால் அது இந்தத் திசைத் தேர்வில் இருக்கிறது.

இந்த மார்க் 5-ஐ முதலில் கர்நாடகக் கடற்கரையில் முருதேஷ்வருக்கு அப்பால் நேத்ராணித் தீவில், ஆழம் குறைந்த இடத்தில், பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் இன்னொரு கருவியோடு இறக்குவேன். எனக்காகத் திறந்ததை வேறொருவர் வாயில் வைக்கக் கொடுக்க மாட்டேன். திரும்பும்போது ராத்திரிப் பஸ் மலையேறி 900 மீட்டருக்கு வரும் என்பதையும், ஆழத்தில் அழுத்தத்தால் உடம்பில் கரைந்து, அழுத்தம் சட்டெனக் குறைந்தால் குமிழியாகி நோய் தரும் நைட்ரஜனுக்கு மலையேற்றமும் விமானப் பயணமும் ஒரே குணம்தான் என்பதையும் கணக்கில் வைத்து, கடைசி முழுக்குக்கும் பஸ்ஸுக்கும் இடையே நீண்ட நேரம் விட வேண்டும். பெங்களூரிலிருந்து போகும் இளைஞர்கள் விமானத்துக்கு இந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள், காட் ரோட்டுக்குப் பார்ப்பதில்லை. அது எனக்குக் கவலை தருகிறது.

ஈஜிபுராவில் உட்கார்ந்து பழுது பார்ப்பதைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. இங்கே ஏழைகளுக்காக 1990-களின் தொடக்கத்தில் ஆயிரத்து ஐந்நூறு வீடுகளுக்குமேல் கட்டினார்கள். கட்டடங்கள் சீக்கிரமே பழுதாயின, சில இடிந்து விழுந்தன. குடியிருந்தவர்களில் பலர் தமிழர்கள். அவர்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2013 ஜனவரியில் அவையும் இடிக்கப்பட்டன. கூரைக்குக் கீழே படுத்தவர்களுக்கு அந்தக் கூரையின் கம்பியைப் பற்றியோ கலவையைப் பற்றியோ கேட்க வழி இருக்கவில்லை. அந்த நிலம் வழியாகப் போகும்போதெல்லாம் இது உறுத்தும்.

அதே உறுத்தலோடுதான் தூத்துக்குடி திரேஸ்புரத்துச் சங்குகுளிப்பவர்களை நினைக்கிறேன். முத்து ஓய்ந்தபிறகும் சங்கு ஓயவில்லை. வங்காளத்துப் பெண்களின் வளையலுக்கு இங்கிருந்துதான் நெடுங்காலமாகப் போகிறது. மூச்சடக்கிக் குளித்தவர்கள் இப்போது படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து குழாய்வழியே காற்றை இழுக்கிறார்கள். ஒரு நிமிடமாக இருந்த கடலடி நேரம் நீண்டுவிட்டது. கல்லையும் கயிற்றையும் வைத்துக் குளித்த தாத்தாவுக்கு நைட்ரஜன் நோய் தெரியாது, ஏனென்றால் மூச்சடக்கிக் குளிப்பவருக்கு அது வருவது அரிது. பேரனுக்கு வரும். மூட்டில் தொடங்கிக் கால் மரத்துப்போகும். கம்ப்ரசரின் காற்று வாய்க்குப் பக்கத்தில் எஞ்சின் புகை போனால் கார்பன் மோனாக்சைடு நேராக நுரையீரலுக்குப் போகும், அதற்கு வாசனையும் இல்லை. நெமோ கொடுக்காமல் போன மூச்சுக் கருவி நூறாண்டுக்குமேல் கழித்து இப்படி, பாதியாக வந்து சேர்ந்திருக்கிறது. கூடவே வர வேண்டிய அறிவு வரவில்லை.

தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ஒரு பட்டறை வகுப்பு நடத்தப் பெரிய செலவு ஆகாது. அழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்று, காற்றைச் சுத்தம் செய்யும் கரி ஃபில்டர், காற்று வாயைப் புகைக்குழாயிலிருந்து தள்ளி உயர்த்தி வைக்க இரண்டு மூன்று மீட்டர் குழாய், சுவாசக் காற்றுக்கு ஏற்ற கம்ப்ரசர் எண்ணெய், எண் எழுதிய அறைகளோடு ஒரு ஓ-ரிங் பெட்டி, ஆழத்துக்கு எத்தனை நிமிடம் என்று தமிழில் அச்சடித்துப் பிளாஸ்டிக் போர்த்திய அட்டை. கீழே போகிறவரைவிட முதலில் அழைக்க வேண்டியவர் படகில், கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். பழைய ரெகுலேட்டர் ஒன்றைப் பிரித்து, சீட்டை அவர் உள்ளங்கையில் வைத்து, வட்டத் தடத்தை லென்ஸில் காட்டி வகுப்பைத் தொடங்கலாம்.